மணியும் பதரும்

அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று காண்போர்க்கு ஓர் இனிய காட்சி புலப்படும். கதிரடித்துக் குவித்த நெல்லை முறத்தில் அள்ளி, காற்று வரும் திசை அறிந்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, உழவர் சிறிது சிறிதாகத் தூற்றுவர். எடையுள்ள மணிகள் நேரே விழுந்து காலடியில் குவியும். எடையற்ற பதர்கள் காற்றோடு பறந்து அப்பாற் சென்று வீழும். மணியும் பதரும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பன. இரண்டிற்கும் உமி உண்டு, நிறம் உண்டு, வடிவம் உண்டு. ஆயின், ஒன்றின் உள்ளே அரிசி இருக்கும். மற்றொன்றின் உள்ளே ஒன்றும் இராது. இவ்வேறுபாட்டை அறிந்து பிரிப்பதே தூற்றுதலின் பயன்.

களத்தில் உழவர் செய்யும் இப்பணியை ஒத்த ஒரு பணியை இக்காலத்துக் கணிப்பொறிகள் இடைவிடாது செய்துவருகின்றன. அவை தூற்றுவன செய்திகளை. ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றுதல், மாற்றியபோது ஒன்றும் கிடைக்காத இடங்களை நீக்குதல், எஞ்சியவற்றைப் புதியதொரு பட்டியலாகத் தருதல் என்னும் மூன்றும் சேர்ந்ததே அப்பணி. கேட்பதற்கு இஃது எளியதாகத் தோன்றும். ஆயினும், எது மணி, எது பதர் என்று முடிவு செய்யும் பெரும்பொறுப்பு இதனுள் அடங்கியிருக்கிறது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறி தானே எண்ணித் தொழில் செய்வதன்று. இன்னது செய்க, அதன்பின் இன்னது செய்க என்று மனிதர் வரிசையாக எழுதிக்கொடுக்கும் கட்டளைகளின்படியே அது இயங்கும். அக்கட்டளைத் தொகுதியை நிரல் என்றும், அதனை எழுதுவோரை நிரலாளர் என்றும், எழுதுதற்குரிய மொழியை நிரல்மொழி என்றும் கூறுவர். நிரலாளர் மிகுதியாகக் கையாளும் பொருள்களுள் ஒன்று பட்டியல். வகுப்பில் ஆசிரியர் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு ஒரு பட்டியல். மளிகைக் கடைக்கு வீட்டில் எழுதித் தரும் சீட்டு ஒரு பட்டியல். தொடர்வண்டி நிலையத்தில் காணும் கால அட்டவணையும் ஒரு பட்டியலே. ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்பட்டு நிற்கும் உறுப்புகளின் தொகுதியே பட்டியல் எனப்படும்.

பட்டியலைக் கொண்டு செய்யும் வேலைகளுள் முதன்மையானது உருமாற்றம். மளிகைச் சீட்டில் அரிசி, பருப்பு, புளி, மிளகு என்று நான்கு பொருள்கள் எழுதப்பட்டுள்ளன என்று கொள்வோம். கடைக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் விலையை எழுதுகிறார். பொருள்களின் பட்டியல் விலைகளின் பட்டியலாக மாறிவிட்டது. நான்கு பொருள்கள் சென்றன. நான்கு விலைகள் வந்தன. முதற்பொருளின் விலை முதலிலும், இரண்டாம் பொருளின் விலை இரண்டாவதாகவும் நிற்கின்றன. எண்ணிக்கை மாறாமை, வரிசை மாறாமை ஆகிய இவ்விரண்டும் உருமாற்றத்தின் இலக்கணங்கள். இவற்றை மாணவர்கள் நன்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இவற்றின் பயன் விளங்கும்.

உருமாற்றம் என்னும் இக்கருத்து கணிப்பொறியியலில் மிகப் பழையது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், 1958ஆம் ஆண்டில் ‘லிஸ்ப்’ என்னும் நிரல்மொழியை உருவாக்கத் தொடங்கினார். ‘பட்டியலைக் கையாளுதல்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். 1960ஆம் ஆண்டில் அம்மொழியைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையிலேயே, ஒரு பட்டியலின் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு செயலைச் செலுத்திப் புதிய பட்டியலைப் பெறும் முறை இடம்பெற்றுள்ளது. அன்று தொடங்கிய அம்முறை, பிற்காலத்தில் தோன்றிய நிரல்மொழிகள் பலவற்றிற்கும் பரவியது. இன்று அதனைப் பெரும்பாலும் ‘மேப்’ என்னும் பெயரால் வழங்குகின்றனர்.

இனி, உருமாற்றம் எப்பொழுதும் வெற்றி பெறுமா என்பதை ஆராய்வோம். ஒரு பள்ளியில் மழைமானி ஒன்று வைக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். நாள்தோறும் காலையில் ஒரு மாணவன் அதனைப் பார்த்து, முந்திய ஒருநாளில் பெய்த மழையின் அளவை மில்லிமீட்டர்க் கணக்கில் குறிப்பேட்டில் எழுதுகிறான். ஒரு வாரத்துக் குறிப்புகள் பின்வருமாறு அமைந்துள்ளன:

திங்கள் – 12
செவ்வாய் – 0
புதன் – (ஒன்றும் எழுதப்படவில்லை)
வியாழன் – 8
வெள்ளி – ‘கனமழை; மானி கவிழ்ந்துவிட்டது’
சனி – 0
ஞாயிறு – 10

அவ்வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு மழை பெய்தது என்று அறிய விரும்புகிறோம். குறிப்பேட்டில் உள்ளவை எழுத்துகள். ‘12’ என்று நாம் காண்பதும் கணிப்பொறிக்கு முதலில் ஒன்று, இரண்டு என்னும் இரு வரிவடிவங்களே. அவற்றைக் கூட்டவும் வகுக்கவும் கூடிய எண்ணாக மாற்றிய பின்னரே கணக்கிட இயலும். ஆகவே, ‘ஒவ்வொரு குறிப்பையும் எண்ணாக மாற்றுக’ என்று கட்டளையிடுகிறோம். திங்களும் செவ்வாயும் இடர்ப்பாடின்றி மாறிவிடுகின்றன. புதனன்று எழுத்தே இல்லை. எதனை எண்ணாக மாற்றுவது? வெள்ளியன்று எழுத்து உண்டு. அதில் எண் இல்லை. இவ்விரண்டிடத்தும் கணிப்பொறி யாது செய்யும்?

அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பிழை நேர்ந்தது என்று அறிவித்தல். ஓரிரு குறிப்புகள் கெட்டமைக்காக ஏனைய குறிப்புகளையும் பயனற்றனவாக்கும் வழி இது. இரண்டாவது, அவ்விடத்தில் பூச்சியத்தை இட்டு மேற்செல்லுதல். இது பார்வைக்கு எளிது, ஆயினும் பொய். மழை பெய்யாத நாளுக்கே பூச்சியம் உரியது. அளவு தெரியாத நாளுக்கு அஃது உரியதன்று. மூன்றாவது, ‘இங்கு விடை இல்லை’ என்று பொருள்படும் தனியொரு குறியை இடுதல். நேர்மையான வழி இதுவே. அக்குறியை நாம் இன்மைக்குறி என்று வழங்குவோம். உருமாற்றத்தின் பின்னர் நம் பட்டியல் இவ்வாறு நிற்கும்:

12, 0, இன்மை, 8, இன்மை, 0, 10

ஏழு குறிப்புகள் சென்றன. ஏழு விடைகள் வந்தன. அவற்றுள் ஐந்து மணிகள், இரண்டு பதர்கள்.

இவ்வின்மைக்குறியை ஆங்கிலத்தில் ‘நல்’ என்பர். தமிழில் ‘நல்’ என்னும் சொல் நன்மையைக் குறிக்கும். ஆனால், நிரலாளரின் ‘நல்’ உலகிற்கு விளைத்த இடர்ப்பாடு சிறிதன்று. அதனைத் தோற்றுவித்தவர் டோனி ஹோர் என்னும் ஆங்கில அறிஞர். அவர் 1934ஆம் ஆண்டில் இலங்கையின் கொழும்பு நகரில் பிறந்தவர். பட்டியலை விரைந்து வரிசைப்படுத்தும் புகழ்பெற்ற முறையொன்றைக் கண்டவர். 1965ஆம் ஆண்டில் ‘அல்கால் டபிள்யூ’ என்னும் நிரல்மொழிக்கான அமைப்பை வகுத்தபொழுது, ஒரு பொருள் இருக்குமிடத்தைச் சுட்டும் சுட்டியானது எப்பொருளையும் சுட்டாமலும் இருக்கலாம் என்று அவர் இடங்கொடுத்தார். அதனை நடைமுறைப்படுத்துதல் மிக எளிதாக இருந்தமையால் அவ்வாறு செய்ததாக அவரே பின்னர்க் கூறினார்.

அதனால் விளைந்த தீங்கை ஓர் உவமையால் விளக்கலாம். அஞ்சற்காரரிடம் ஓர் உறையைத் தந்து, அதன்மேல் உள்ள முகவரிக்குச் சென்று கதவைத் தட்டுமாறு பணிக்கிறோம். உறையின்மேல் முகவரியே எழுதப்படவில்லை. மனிதராயின், ‘ஐயா, முகவரி இல்லையே’ என்று திரும்பி வருவார். கணிப்பொறியோ இல்லாத முகவரியில் இல்லாத கதவைத் தட்ட முயன்று, செயலற்று நின்றுவிடும். எந்தச் சுட்டி வெறுமையாக இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாமையால், எண்ணற்ற நிரல்கள் இவ்வாறு இடைவழியில் நின்றுபோயின. 2009ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடந்த ஒரு மாநாட்டில் பேசிய ஹோர், இன்மைச் சுட்டியைத் தாம் செய்த நூறுகோடி டாலர் மதிப்புள்ள பிழை என்று குறிப்பிட்டார். தாம் செய்ததன் விளைவை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அவைநடுவே ஒப்புக்கொண்ட அவ்வறிஞரின் பெருந்தன்மை நாம் போற்றுதற்குரியது.

இன்மை தீங்கு பயக்குமாயின், அதனை அடியோடு விலக்கிவிடலாமே என்று வினவக்கூடும். அஃது இயலாது, உலகில் விடையில்லா வினாக்கள் உள்ளவரை இன்மையும் இருக்கும். வேண்டுவது விலக்கு அன்று, விழிப்பு. இந்நோக்குடன் பிற்கால நிரல்மொழிகள் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்துள்ளன. ‘கொட்லின்’ என்னும் மொழியில், இன்மையாகவும் இருக்கக்கூடிய ஒன்றின் வகைப்பெயரை எழுதும்போது, அதன் இறுதியில் ஒரு வினாக்குறியை இடுதல் வேண்டும். வினாக்குறி இட்ட ஒன்றை, அது வெறுமையா என்று ஆராயாமல் பயன்படுத்த முற்பட்டால், நிரல் இயங்கத் தொடங்குவதற்கு முன்னரே மொழி தடுத்துவிடும். ‘சுவிஃப்ட்’ என்னும் மொழியிலும் இத்தகைய காப்பு உண்டு. ‘ஹாஸ்கெல்’ என்னும் மொழியிலோ, விடை ஒரு பெட்டியில் வைத்துத் தரப்படும். பெட்டியைத் திறந்து, உள்ளே பொருள் உண்டா இல்லையா என்று பார்த்த பின்னரே அதனைக் கையாள இயலும்.

இனி நம் மழைப் பட்டியலுக்குத் திரும்புவோம். சராசரி காண வேண்டுமாயின் இன்மைகளை நீக்க வேண்டும். இதனை இருபடிகளாகச் செய்யலாம். முதற்படியில் ஏழு குறிப்புகளையும் மாற்றி, இன்மைகளும் கலந்த ஓர் இடைப்பட்டியலைப் பெறலாம். இரண்டாம் படியில் அதனைத் தொடக்கம் முதல் மீண்டும் பார்த்து இன்மைகளைக் களையலாம். அன்றி, இரண்டையும் ஒரே நடையில் முடிக்கவும் கூடும். ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து மாற்றுக. விடை கிடைத்தால் புதிய பட்டியலிற் சேர்க்க. கிடைக்காவிடின் சேர்க்காமல் அடுத்த குறிப்பிற்குச் செல்க. இவ்வாறு செய்தால் இடைப்பட்டியல் வேண்டுவதில்லை. ஏழு குறிப்புகளுக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. எழுபது இலட்சம் குறிப்புகளாயின், இடமும் காலமும் மிச்சமாகும்.

‘முதலில் பதரை நீக்கிவிட்டுப் பின்னர் மாற்றினால் என்ன? உழவர் தூற்றிய பின்னர்த்தானே நெல்லைக் குற்றுகின்றனர்?’ என்று ஓர் ஐயம் எழலாம். மாற்றாமலே பதர் இன்னதென்று அறியக்கூடுமாயின் அவ்வாறு செய்வதே முறை. ஆனால், ஒரு குறிப்பு எண்ணாக மாறுமா என்று அறிதற்குச் சிறந்த வழி, அதனை எண்ணாக மாற்றிப் பார்ப்பதேயாகும். முதலில் மாறுமா என்று சோதித்து, பின்னர் மாற்றினால் ஒரே வேலையை இருமுறை செய்தவராவோம். ஆகவேதான் மாற்றமும் நீக்கமும் ஒரே நடையில் இணைக்கப்பட்டன.

இவ்விணைப்புப் பணிக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பெயரிட்டுள்ளது. கொட்லின் மொழியில் ‘மேப் நாட் நல்’ என்பர். ‘மாற்று, இன்மையைக் கொள்ளாதே’ என்பது அதன் கருத்து. ‘ரஸ்ட்’ என்னும் மொழியில் ‘ஃபில்டர் மேப்’ என்று வழங்கும். ‘ரூபி’ மொழியில் 2019ஆம் ஆண்டில் இதே பெயரில் இப்பணி சேர்க்கப்பட்டது. சுவிஃப்ட் மொழியில் முன்னர் இதற்கு வைத்திருந்த பெயர் வேறொரு பணிக்கும் உரியதாக இருந்தமையால், கற்போர்க்கு மயக்கம் உண்டாயிற்று. எனவே 2018ஆம் ஆண்டில் ‘காம்பேக்ட் மேப்’ என்று பெயரை மாற்றினர். ஒரு செயலுக்கு ஏற்ற பெயரைத் தேர்ந்து சூட்டுதலும் அறிவுத்துறைக்குரிய கடமைகளுள் ஒன்று என்பதை இதனால் அறியலாம். இப்பணி முடிந்தபின் கிடைக்கும் பட்டியலுக்கு ஒரு சிறப்புண்டு. அதன் உறுப்புகளுக்கு வினாக்குறி இல்லை. ‘இதனுள் இன்மை இல்லை’ என்று மொழியே உறுதி கூறுகிறது. அஞ்சற்காரரின் பையில் முகவரியில்லா உறை ஒன்றுகூட இல்லை என்பதற்கு ஒப்பானது இது.

இவ்வாறு இன்மையை நீக்கிய நம் பட்டியல் 12, 0, 8, 0, 10 என்று நிற்கும். இவற்றின் கூட்டுத்தொகை 30, நாள்கள் 5, சராசரி 6 மில்லிமீட்டர். கணக்கு முடிந்தது என்று எழுந்துவிடலாமா? கூடாது. பதரை நீக்குவோர் மூன்று பிழைகளுக்கு அஞ்சி நடத்தல் வேண்டும்.

முதற்பிழை, பூச்சியத்தை இன்மையென மயங்குதல். செவ்வாயன்றும் சனியன்றும் ‘0’ என்று எழுதப்பட்டுள்ளது. மாணவன் வந்தான், மானியைப் பார்த்தான், மழை இல்லை என்று கண்டு எழுதினான். அது முயன்று பெற்ற விடை, முழுமையான மணி. அதனையும் பதரென்று தள்ளினால் 12, 8, 10 ஆகிய மூன்றே எஞ்சும். சராசரி 10 ஆகிவிடும். மறுபுறம், இன்மைகளைப் பூச்சியமாகக் கொண்டால் 30ஐ 7ஆல் வகுக்க வேண்டும், சராசரி 4.3க்கும் சற்றுக் குறையும். ஒரே குறிப்பேட்டிலிருந்து 10, 6, 4.3 என்று மூன்று விடைகள் பிறந்தமை காண்க. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. எது இன்மை என்னும் முடிவில்தான் பிழை நேர்ந்தது.

இஃது ஏட்டளவில் நிற்கும் எச்சரிக்கையன்று. ‘பைத்தான்’ என்னும் மொழியில், பட்டியலிலிருந்து பயனற்றவற்றை நீக்குதற்கு ஒரு சுருக்கவழி உண்டு. அவ்வழி இன்மையை மட்டுமன்றிப் பூச்சியத்தையும், எழுத்தற்ற வெற்றுச் சொல்லையும் சேர்த்தே நீக்கிவிடும். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ மொழியிலும் அத்தகைய சுருக்கவழி ஒன்று வழக்கில் உள்ளது. இவற்றின் இயல்பு அறியாமல் மழைக்கணக்கிற்குப் பயன்படுத்துவோர், மழையற்ற நாள்களையெல்லாம் இழந்துவிடுவர். தேர்வுக்கு வாராத மாணவனும், தேர்வெழுதிப் பூச்சியம் பெற்ற மாணவனும் ஒருவரல்லர் என்பதை ஆசிரியர் அறிவார்; அதனைக் கணிப்பொறிக்கு அறிவிக்க வேண்டியவர் நிரலாளர்.

இரண்டாம் பிழை, இடம் மாறியதை மறத்தல். எண்ணிக்கை மாறாமையும் வரிசை மாறாமையும் உருமாற்றத்தின் இலக்கணங்கள் என்று முன்னர்க் கூறினோம். நீக்கத்தின் பின்னர் வரிசைமுறை நிற்கும், எண்ணிக்கை நில்லாது. புதிய பட்டியலில் மூன்றாவதாக நிற்பது 8. வாரத்தின் மூன்றாம் நாள் புதன். ஆகவே, புதனன்று 8 மில்லிமீட்டர் மழை பெய்தது என்று எழுதிவிட்டால், வியாழக்கிழமைக்குரிய மழையைப் புதனுக்குச் சூட்டியவராவோம். மழைக்கணக்கில் இது சிறு பிழை. மாணவர் பெயர்கள் ஒரு பட்டியலிலும் மதிப்பெண்கள் வேறொரு பட்டியலிலும் இருந்து, மதிப்பெண் பட்டியலில் மட்டும் இன்மைகளை நீக்கிவிட்டால் யாது நேரும்? ஒருவர் உழைத்துப் பெற்ற மதிப்பெண் மற்றொருவர் பெயருக்கு எதிரே சென்று அமரும். அதற்குப் பின்வரும் பெயர்களும் வரிசையாகப் பிறழும். இதனைத் தவிர்க்கும் வழி எளிது. நாளையும் அளவையும், பெயரையும் மதிப்பெண்ணையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்துக்கொண்டு, நீக்க நேர்ந்தால் முடிச்சோடு நீக்குதல் வேண்டும்.

மூன்றாம் பிழை இவ்விரண்டினும் நுண்ணியது. வெள்ளிக்கிழமைக் குறிப்பை மீண்டும் நோக்குக. ‘கனமழை, மானி கவிழ்ந்துவிட்டது’ என்று மாணவன் எழுதினான். எண் இல்லாமையால் நாம் அதனைப் பதர் என்று தள்ளினோம். ஆனால், அவ்வாரத்திலேயே மிகுதியாக மழை பெய்தது அந்நாளாக இருக்கலாம் அன்றோ? மழை மிகுந்தமையால் மானி கவிழ்ந்தது. மானி கவிழ்ந்தமையால் எண் இல்லாமற் போயிற்று. எண் இல்லாமையால் நாம் அந்நாளை நீக்கினோம். முடிவில், மழை மிகுந்த நாளே கணக்கில் இடம்பெறாமல், 6 மில்லிமீட்டர் என்னும் அடக்கமான சராசரி நமக்குக் கிடைத்தது. புதனின் இன்மை வெறும் மறதியாக இருக்கலாம். வெள்ளியின் இன்மை ஒரு செய்தி. இரண்டிற்கும் குறி ஒன்றே, காரணம் வேறு.

இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று அறிவியல் வரலாற்றில் உண்மையாகவே நிகழ்ந்துள்ளது. பூமியின் வளிமண்டலத்தில் மிக உயரத்தில் ஓசோன் என்னும் வளி பரவியிருந்து, கதிரவனின் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. தென்துருவப் பகுதியாகிய அண்டார்க்டிகாவில், ஹாலி என்னுமிடத்தில் உள்ள பிரித்தானிய ஆய்வுநிலையத்தில், 1950களின் பிற்பகுதி முதல் ஓசோனின் அளவைத் தரையிலிருந்து அளந்துவந்தனர். ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் ஆகிய மூவரும் அவ்வளவுகளை ஆராய்ந்தபொழுது, ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் ஓசோன் குறைந்துகொண்டே வருவதைக் கண்டனர். தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 300 டாப்சன் அலகாக இருந்த அளவு, 1984ஆம் ஆண்டில் 200 அலகிற்கு அருகில் வீழ்ந்திருந்தது. இச்செய்தியை 1985ஆம் ஆண்டு மே திங்களில் ‘நேச்சர்’ என்னும் இதழில் அவர்கள் வெளியிட்டனர். உலகம் திடுக்கிட்டது.

அப்பொழுது ஒரு வினா எழுந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1978ஆம் ஆண்டில் ஏவிய ‘நிம்பஸ் 7’ என்னும் செயற்கைக்கோள், விண்ணிலிருந்து உலகெங்கும் ஓசோனை அளந்துவந்ததே. அஃது இக்குறைவைக் காணவில்லையா? கண்டிருந்தது. ஆயினும், 180 அலகிற்குக் குறைந்த அளவுகள் வந்தால் அவை ஐயத்திற்குரியவை என்று குறியிடுமாறு அதன் நிரலில் விதி எழுதப்பட்டிருந்தது. அதற்குமுன் அத்துணைக் குறைந்த அளவை எவரும் கண்டதில்லையாதலால் அவ்விதி அன்று பொருத்தமாகவே தோன்றியது. அளவுகள் குறியிடப்பட்டு ஒதுங்கி நின்றன. அவ்வளவுகளை நாசா அழித்துவிட்டது என்று பலர் கதைபோலக் கூறுவதுண்டு, அஃது உண்மையன்று. ஒதுக்கப்பட்டவை பாதுகாப்பாகவே இருந்தன. ஆகவேதான் அறிவியலறிஞர் அவற்றை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, ஓசோன் குறைவு ஹாலி நிலையத்தின்மேல் மட்டுமன்றி அண்டார்க்டிகாவின் பெரும்பரப்பின்மேல் நிகழ்கிறது என்று 1986ஆம் ஆண்டில் நிறுவ முடிந்தது. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் கையெழுத்தாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. எது பதர் என்று நாம் வகுக்கும் விதி, நாம் இதுவரை கண்டவற்றைக் கொண்டே வகுக்கப்படுகிறது. இதுவரை காணாத ஒன்று வரும்போது அவ்விதி மணியையும் பதரென்று தள்ளிவிடக்கூடும் என்பது ஒன்று. தள்ளியதை எரித்துவிடாமல் வைத்திருந்தால், தவற்றைத் திருத்திக்கொள்ள வழியுண்டு என்பது மற்றொன்று. ஆதலால், பொறுப்புள்ள நிரலாளர் இன்மைகளை நீக்கும்போது அவற்றைத் தனியொரு பட்டியலில் குறித்து வைப்பர். எத்தனை நீக்கப்பட்டன, எவ்வெந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டன, என்ன காரணத்தால் நீக்கப்பட்டன என்னும் மூன்றும் அப்பட்டியலில் இருக்கும். ஏழு குறிப்புகளில் இரண்டு நீங்கினால் அது பொறுக்கத்தக்கது. நாள்தோறும் இரண்டு நீங்கிவந்த இடத்தில் ஒருநாள் இருநூறு நீங்கினால், எங்கோ ஏதோ கெட்டுவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். ஓசையின்றி நீக்குவோர்க்கு இவ்வெச்சரிக்கை கிட்டாது.

நம் மழைக்கணக்கையும் இவ்வாறே எழுதி முடித்தல் நேர்மை: ‘அளவு தெரிந்த ஐந்து நாள்களின் சராசரி மழை 6 மில்லிமீட்டர். புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களுக்கு அளவு இல்லை. வெள்ளியன்று கனமழையால் மானி கவிழ்ந்தமையால், உண்மைச் சராசரி இதனினும் மிகுதியாக இருக்கக்கூடும்.’ இக்குறிப்பைப் படிப்போர் எவரும் ஏமாறார். அடுத்த மழைக்காலத்திற்குமுன் மானியைக் கவிழாதவாறு உறுதியாக நிறுத்த வேண்டும் என்னும் எண்ணமும் பள்ளியில் எவருக்கேனும் தோன்றும்.

மாணவர்களே! பட்டியலை மாற்றுதலும் இன்மையை நீக்குதலும் கணிப்பொறிக்கு ஒரு வரிக் கட்டளை. அவ்வொரு வரியை எழுதுதற்கு முன் நிரலாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள்ளன. நான் இன்மை என்று கருதுவது உண்மையில் இன்மைதானா? அன்றிப் பூச்சியம் என்னும் விடையா? இதனை நீக்கியபின் எஞ்சியவை தத்தம் பெயரோடு நிற்குமா? இவ்வின்மை ஏன் வந்தது? இவற்றிற்கு விடை கண்டபின் நீக்குவோர் பிழைபடார். களத்துமேட்டில் தூற்றும் உழவரும், தூற்றி முடித்தபின் ஒருமுறை குனிந்து, பறந்து வீழ்ந்த பதர்க்குவியலைக் கையால் அளைந்து பார்ப்பர். ஓரிரு மணிகள் அதனுள் சென்றிருக்கக்கூடும் என்பது அவர்க்குத் தெரியும். காற்று பிரித்துத் தருவதைக் கண்ணும் கையும் சரிபார்க்கின்றன. கணிப்பொறி பிரித்துத் தருவதையும் நாம் அவ்வாறே சரிபார்த்தல் வேண்டும்.